யம் சா மேசைக்குச் சைவக்காரர் போகலாமா?

கேள்வி: என் கணவருக்குச் சீனாவின் குவாங்சோ நகரில் வேலை. அடுத்த மாதம் நானும் போகிறேன். முட்டைகூடத் தொடாத சைவம் நான். அவருடைய மேலதிகாரி குடும்பத்தோடு ஞாயிறு காலை ‘யம் சா’வுக்கு அழைத்திருக்கிறாராம். ஏதாவது காரணம் சொல்லித் தவிர்த்துவிடலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: தவிர்க்காதீர்கள், சகோதரி. அந்த ஊரில் ஆறு வருடம் குடியிருந்தவள் நான். முதல் வருடம் இதே பயத்தில் பக்கத்து வீட்டார் அழைத்த இரண்டு முறையும் மறுத்தேன். மூன்றாம் முறை அவர்கள் அழைக்கவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

யம் சா என்றால் கான்டனீஸ் மொழியில் ‘தேநீர் குடிப்பது’. மூங்கில் கூடைகளில் டிம் சம் என்கிற சின்னச் சின்னப் பலகாரங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது தேநீரும் பேச்சும்தான். உட்கார்ந்ததும் முதல் கொதிதேநீரை ஊற்றிக் கோப்பை, கிண்ணம், சாப்பிடும் குச்சிகளைக் கழுவுவார்கள். நீங்களும் கழுவுங்கள். பெரியவர்களுக்கு முதலில் ஊற்றி, உங்கள் கோப்பையைக் கடைசியில் நிரப்புங்கள். உங்களுக்கு யாராவது ஊற்றினால் இரண்டு விரல்களை மடக்கி மேசையில் மெல்லத் தட்டுங்கள். அதுதான் நன்றி. மாறுவேடத்தில் போன சியன்லோங் பேரரசர் தன் பணியாளுக்குத் தேநீர் ஊற்ற, அரசரைக் காட்டிக்கொடுக்காமல் மண்டியிட முடியாத அந்தப் பணியாள் விரல்களை மடக்கி வணங்கினார் என்று கதை சொல்வார்கள். கெண்டி காலியானால் கூப்பிட வேண்டாம். மூடியைச் சாய்த்துவைத்தால் வெந்நீர் வந்துவிடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கறித்துண்டு இருக்காது, எலும்புச் சாறும் சிப்பி சாஸும் இருக்கும். ‘வோ ச்சி சூ’ என்று சொல்லுங்கள், ‘நான் சைவம்’ என்று பொருள். ‘சூ’ புத்த மரபில் ஊறிய சொல். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிற பாட்டிகள் அங்கே நிறைய. நம் அமாவாசை, பௌர்ணமி விரதம் மாதிரிதான். அப்படி ஒரு பாட்டி மேசையில் இருந்தால் மற்றதை அவரே பார்த்துக்கொள்வார். முட்டையை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். ‘சூ’ என்றால் முட்டை ஆகும் என்று நினைப்பவர்கள் உண்டு.

உங்களுக்கு ஏற்றது ‘ஜாய் சியோங்’. உள்ளே எதுவும் வைக்காத, இடியாப்ப மாவு மணக்கும் அரிசிச் சுருள். ‘பாக் ஜுக்’ என்பது வெறும் வெள்ளைக் கஞ்சி. ஆங்கில மெனுவில் அது ‘காஞ்ஜி’ என்றிருக்கும். நம் கஞ்சிதான் ஆங்கிலத்துக்குப் போன சொல் அது! அவித்த கீரையைச் சிப்பி சாஸ் ஊற்றாமல் கேளுங்கள். முள்ளங்கி கேக்கைத் தொடாதீர்கள், அதில் உலர்ந்த இறாலும் பன்றி சாஸேஜும் சேர்ப்பார்கள்.

குச்சிகளைச் சோற்றில் நட்டுவைக்காதீர்கள். இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றுவதுபோல் ஆகிவிடும். கையில் பழம் கொண்டு போங்கள். கடிகாரம் மட்டும் பரிசாக வேண்டாம். ‘கடிகாரம் கொடுப்பது’ என்பது அவர்கள் மொழியில் ஈமக்கடன் செய்வதுபோல் ஒலிக்கும்.

பில்லை அவர்களே கட்டுவார்கள், விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து நீங்கள் அழையுங்கள். குவாங்சோவிலேயே பெய்ஜிங் சாலை அருகே தாஃபோ புத்தர் கோயிலில் சைவ உணவகம் இருக்கிறது. பாட்டியையும் கட்டாயம் கூட்டிவரச் சொல்லுங்கள்.