அப்பா எந்தப் பரிசையும் பீரோவுலயே வச்சிடறாரா?

70வது பிறந்தநாளுக்கு இன்னொரு சட்டை, வாட்ச்னு வாங்காதீங்க, அவரோட பழைய ஆல்பத்தை ஸ்கேன் பண்ணி ஒவ்வொரு போட்டோவுக்கும் அவர் சொல்ற கதைய அவர் குரல்லயே ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க.

பரிசு பிடிக்காம இல்ல, பிள்ளை காசு செலவாகுதேன்னு கவலையாத்தான் இருக்கும். ஒரே ஒரு போட்டோவ எடுத்துட்டுப் போய் "இது யாருப்பா?"ன்னு கேட்டுப் பாருங்க, பத்து நிமிஷம் பேசினார்னா ஆரம்பிச்சிடலாம்.

சின்னப் படம்னா ஸ்கேன் பண்றப்போ 600 டிபிஐ (எவ்வளவு நுணுக்கமா ஸ்கேன் ஆகணும்ங்கற அளவு) வைங்க, பெருசாக்கினாலும் தெளிவா இருக்கும், பேசும்போது போன் ஏரோப்ளேன் மோடுல இருக்கட்டும், நடுவுல கால் வந்தா ரெக்கார்டிங் நின்னுடலாம். எங்க அம்மாகூட இப்படி உக்காந்தப்போ அவங்களைவிட எனக்குத்தான் சந்தோஷம் ஜாஸ்தி, உண்மையாவே.

இறந்துபோனவங்க படம் வந்து அவர் அமைதியாயிட்டா மட்டும் தோண்டிக் கேக்காதீங்க, அன்னிக்கு ஆல்பத்த மூடி வச்சிடுங்க.