கால்சியம் கூடியிருக்கு, பாலை நிறுத்தோணுங்களா?

கேள்வி: வயசு 54, கோபிச்செட்டிபாளையம் பக்கமுங்க. ரெண்டு தடவை கிட்னியில கல்லு வந்துருச்சு. ரத்தத்துல கால்சியம் 11.3. மாசங்கழிச்சுப் பார்த்தாலும் அதேதான். பி.டி.ஹெச். 58, லேப்ல நார்மல்னு போட்டிருக்கு. பாலையும் ராகிக்களியையும் நிறுத்துன்னு பையன் சொல்றான். ஊட்ல ரெண்டு மாடு கறக்குது. நிறுத்தோணுங்களா?

பதில்: பாலை நிறுத்த வேண்டாம்மா. எனக்கு இடிக்கிறது அந்த 58-தான், ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனின் அளவு.

மாடு வைத்திருப்பவருக்கு இதைச் சொல்வது சுலபம். கன்று போட்ட மறுநாள் சில கறவை மாடுகள் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்துவிடும், தட்டினாலும் எழாது. பால் சுரம். கால்சியம் மடியில் இறங்குகிற வேகத்துக்கு ஹார்மோனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மாட்டு டாக்டர் பாட்டில் கால்சியத்தைக் கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றுவார். கொஞ்ச நேரத்தில் சாணி போட்டு எழுந்து நிற்கும்.

அந்த ஹார்மோன்தான் பி.டி.ஹெச். நமக்குத் தைராய்டின் பின்புறம் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இவை பி.டி.ஹெச்.சைச் சுரக்கும். எலும்பிலிருந்து எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், வைட்டமின் டி-யை முடுக்கிவிட்டுக் குடலிலிருந்தும் இழுக்கும். கால்சியம் ஏறினால் அடங்கிவிட வேண்டும். (கால்சிடோனின் என்று இன்னொன்றும் உண்டு, மனிதர்களில் அதற்குப் பெரிய வேலையில்லை.)

சாதாரணமாகக் கால்சியம் 8.5 முதல் 10.5 வரை. உங்களுக்கு 11.3 இருக்கும்போது பி.டி.ஹெச். அடிமட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். லேப் போடும் 15–65 கணக்கு, கால்சியம் சரியாக உள்ளவர்களுக்கு. ஆகவே ஒரு சுரப்பி சொல்பேச்சு கேட்காமல் சுரக்கிறது என்றே சந்தேகப்படுகிறேன். பெரும்பாலும் அது ஒரே ஒரு சாதாரணக் கட்டி. புற்றுநோய் மிக அபூர்வம். கூடுதல் கால்சியம் முக்கியமாக உங்கள் எலும்பிலிருந்து வருகிறது, மாட்டிலிருந்து அல்ல. சிறுநீரகத்தால் பிடித்துவைக்க முடியாமல் வழிவதுதான் கல்லாகிறது. பாலைக் குறைத்தால் சுரப்பி இன்னும் வேகமெடுத்து எலும்பைச் சுரண்டும்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி ஊசி எதையும் நீங்களாகப் போட வேண்டாம். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். தயசைடு வகை கால்சியத்தை ஏற்றும். வாந்தி, குழப்பம், அடங்காத தாகம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கோவையில் நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பாருங்கள். வைட்டமின் டி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), எலும்பு அடர்த்தி பார்ப்பார். கட்டி உறுதியானால் ஆபரேஷனில் தீரும். அதற்கு முன் 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பார்க்கவேண்டும். குடும்பவழி வரும் ஒரு கோளாறும் இதே மாதிரி காட்டும், அதற்குக் கத்தி தேவையில்லை. விடிகாலை முதல் சிறுநீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு மறுநாள் விடிகாலை வரை வருவதெல்லாம் கேனில் சேர வேண்டும். கட்டுத்தரைக்குப் போகிற நேரத்தில் வந்தாலும்தான்.