வாத்தியார் பதில்கள்: பிரேசிலுக்குப் பக்கத்தில் ஒரு பிரான்ஸ்

குடியாத்தம் வாசகர்: ஐயா, 2018-இல் நம் ஜிசாட்-11 செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவில் விடாமல் தென் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்களே, அது எந்த நாடு? அங்கே தலைநகரான கயேன் எப்படிப்பட்ட ஊர்?

பதில்: தனி நாடே இல்லை, அதுதான் வேடிக்கை. பிரெஞ்சு கயானா 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். கயேன் கடைத்தெருவில் செல்லுவது யூரோ. காட்பாடியில் நான் பூகோளம் நடத்திய காலத்தில் பையன்கள் மேப்பில் அதற்கும் பிரேசிலின் பச்சையையே அடித்துவிடுவார்கள்.

ஜிசாட்-11-இன் எடை 5,854 கிலோ. அதைத் தூக்கும் ராக்கெட் அப்போது நம்மிடம் இல்லை. கயேனிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் கூரூ ஏவுதளம் நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்கே. பூமி சுழலும் வேகம் அங்கே ராக்கெட்டுக்கு நன்றாகக் கைகொடுக்கும்.

கயேன் சிறிய ஊர்தான். 1643-இல் பிரெஞ்சுக்காரர்கள் செப்பெரு குன்றின்மேல் கோட்டை கட்டினார்கள், அதன் அடியில் ஊர் வளர்ந்தது. நடுவில் உயரமான பனை வகை மரங்கள் நிற்கும் மைதானம். மழை ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். பாலாற்றில் மணலைப் பார்த்தே பழகிய நமக்கு வயிற்றெரிச்சல்தான்.

ஆனால் கயேன் என்றதும் பிரெஞ்சுக்காரர்களுக்கு நினைவு வருவது ஜெயில். திப்புவின் குடும்பத்தையும் கண்டி அரசரையும் கோட்டைக்குள் வைத்திருந்த வேலூர்க்காரர்களுக்கு ஜெயில் கதை புதிதல்ல. இருந்தாலும் இது வேறு ரகம். 1852 முதல் பிரான்சின் கைதிகளைக் கப்பல் கப்பலாக இங்கே அனுப்பினார்கள். 1854-இல் ஒரு சட்டம்: எட்டு வருடத்துக்குக் குறைந்த தண்டனை என்றால், அதை முடித்த பிறகும் அதே அளவு காலம் அங்கேயே இருக்க வேண்டும். எட்டோ அதற்கு மேலோ என்றால் ஆயுள் முழுக்க ஊர் திரும்ப முடியாது. அதாவது விடுதலையும் ஒரு தண்டனை! பொய் வழக்கில் சிக்கிய ராணுவ கேப்டன் டிரைஃபஸை 1895 முதல் 1899 வரை கூரூவுக்கு எதிரே உள்ள சாத்தான் தீவில் அடைத்து வைத்தார்கள். கடைசிக் கைதிகள் ஊர் திரும்பியது 1953-இல்தான்.

ஆரணி வாசகி: அங்கே தமிழர்கள் உண்டா?

பதில்: போனார்கள் அம்மா. 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. 1850-களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கூலி ஒப்பந்தத்தில் ஆட்களை ஏற்றினார்கள். இந்தியாவிலிருந்து போனவர்கள் மொத்தம் 8,000-க்கும் மேல். கரும்பு வெட்டப் போனவர்களில் பலரைத் தங்கச் சுரங்கத்துக்குத் தள்ளினார்கள். காய்ச்சலில் ஏராளமான பேர் செத்தார்கள். 1876-இல் பிரிட்டிஷ் அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பிரிட்டிஷ்காரனுக்கே மனசு கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று அங்கே ‘கொலம்போ’ என்று ஒரு கோழிக் குழம்பு வைக்கிறார்கள். மசாலாவில் மல்லி, மஞ்சள், சீரகம். யார் கைப்பக்குவம் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வாலாஜா வாசகர்: போய்ப் பார்க்கலாமா சார்?

பதில்: பாரிஸ் போய் விமானம் மாற வேண்டும். ஐரோப்பாவுக்கு எடுத்த ஷெங்கன் விசா அங்கே செல்லாது, தனியாகக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம்; கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், திரும்பி வரும்போது சென்னையிலும் கேட்பார்கள்.