கேள்வி–பதில்: வொண்டர்லாவுக்குச் சிக்கனமாகப் போய் வர

கே: சேலத்திலிருந்து பெங்களூரு வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போக ஆசை. நாங்கள் இருவர், 11 வயதுப் பையன், 4 வயதுப் பெண், மாமியார். டிக்கெட் செலவை எப்படிக் குறைப்பது? – சேலம் வாசகி

ப: முதலில் அளவு டேப்பை எடுங்கள். அங்கே வயது கணக்கில்லை, உயரம்தான். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம். 140 வரை சிறுவர் டிக்கெட். அதற்கு மேல் பெரியவர் கட்டணம். 4 வயதுப் பெண் 85ஐத் தாண்டியிருப்பாள், அவளுக்கு டிக்கெட் உண்டு. பையன்தான் இழுபறி. செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்ட நிற்கவைத்து, தலைமேல் அட்டை வைத்து அளந்து பாருங்கள். 138 வந்தால் காசு மிச்சம். ஆனால் பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 வேண்டும், வாசலிலேயே ஓரங்கட்டிவிடுவார்கள். ரோலர் கோஸ்டருக்காகவே வருகிறான் என்றால் ஆறு மாதம் தள்ளிப்போடுவது மேல்.

மாமியார் எதிலும் ஏறாவிட்டாலும் டிக்கெட் உண்டு. மூத்த குடிமக்கள் சலுகை கிடைக்கும், வயதுச் சான்று கையில் இருக்கட்டும்.

வார நாளில், ஆன்லைனில் எடுங்கள். ஒரு சலுகையோடு இன்னொன்று சேராது என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, கடைசிப் பக்கத்துத் தொகையை ஒப்பிடுங்கள். 18% ஜி.எஸ்.டி. அங்கேதான் சேரும்: 1,000 ரூபாய் 1,180 ஆகும். வார நாளில் வரிசை குறைவு. ஃபாஸ்ட் டிராக் (வரிசையைத் தவிர்க்கக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் டிக்கெட்) வாங்குவது வீண் செலவு.

கே: போக்குவரத்து, சாப்பாடு? – அதே வாசகி

ப: ரயிலில் 5 வயது முதல் 12 வயது நிரம்பாதவர்களுக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். இது படுக்கை உள்ள வகுப்புகளுக்குத்தான், சேர் காரிலும் இரண்டாம் வகுப்பு முன்பதிவு இருக்கையிலும் அந்த வசதி இல்லை, முழுக் கட்டணம் போகும். பெங்களூரு சிட்டி ஸ்டேஷனில் இறங்கி, பர்ப்பிள் லைன் மெட்ரோவில் கெங்கேரி, அங்கிருந்து பஸ்ஸில் பிடதி, கடைசித் துண்டுக்கு ஆட்டோ. கர்நாடகப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று நம்பி ஏறாதீர்கள். சக்தி திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டுமே.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். பிடதியில் தட்டே இட்லியை (தட்டு வடிவப் பெரிய இட்லி) வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நுழையுங்கள் (அந்த ஊருக்கே பேர் அதில்தான்). மதியம் ஒருவேளை மட்டும் உள்ளே வாங்கினால் போதும்.

கே: தண்ணீர் விளையாட்டுக்குத் தனி உடை வாங்க வேண்டுமா? – ஓசூர் வாசகர்

ப: வாங்க வேண்டும், ஆனால் அங்கே அல்ல. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், அதன் நூல் பில்டரை அடைக்கும். அதனால்தான் நைலான், பாலியஸ்டர், லைக்ரா மட்டும் கேட்கிறார்கள். சேலை, ஜீன்ஸ், துப்பட்டா உதவாது. பெண்கள் ஏமாறுவது லெக்கிங்ஸில்: பார்க்க லைக்ரா போலிருக்கும், பெரும்பாலும் பருத்திக் கலப்பு. உள் தையலில் உள்ள லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள். விளையாட்டு ஜெர்சியும் பாலியஸ்டர் டிராயரும் போதும், உலோக ஜிப் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டு வீட்டிலிருந்தே வரட்டும். லாக்கர் குடும்பத்துக்கு ஒன்று போதும். மாற்றுத்துணி எல்லாருக்கும் ஒரே பையில் இருந்தால்.