ஓகஸ்டில் ஒரு கொப்பு மட்டும் சிவந்தால்

வளவும் மரமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டு முன்வளவில் நிற்கிற மேப்பிளில் ஒரே ஒரு பெரிய கொப்பு ஓகஸ்ட் நடுவிலேயே செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. மற்றதெல்லாம் பச்சை. குளிர் இந்த முறை முந்தி வரப்போகிறது, மரம் அறிந்துவிட்டது என்கிறார் மாமா. பார்க்க வடிவாக இருந்தாலும் மனதுக்குள் ஒரு பயம். மரம் டிரைவ்வே ஓரமாக நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அதைக் கிண்டி அகலமாக்கினோம். (வாசகி, ஸ்காபரோ)

பதில்: பிள்ளை, கடைசி வரியில் பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

மாமாவை முதலில் அனுப்பிவிடுவோம். வரப்போகிற பனியை எந்த மரமும் அறியாது. அதற்குத் தெரிவது பகல் குறைவதும் இரவு குளிர்வதும் வேரில் ஈரம் இருப்பதும்தான். ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் பகல் ஏறத்தாழ பதினைந்தரை மணித்தியாலம். ஓகஸ்ட் முடிவில் அது பதின்மூன்றேகாலுக்கு வந்துவிடும். இந்தக் கணக்கு உங்கள் மரத்துக்கும் பக்கத்து வீட்டு மரத்துக்கும் ஒன்றுதான். உங்கள் மரத்தின் எல்லாக் கொப்புக்கும்கூட ஒன்றுதான். அப்படியிருக்க ஒரு கொப்பு மட்டும் அவசரப்பட்டால், காரணம் வானத்தில் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது.

ஒரு பக்கத்து வேர் பெரும்பாலும் அதே பக்கத்துக் கொப்புகளுக்குத்தான் தண்ணீர் அனுப்பும். சிவந்த கொப்பு டிரைவ்வே பக்கமாக நீள்கிறதா என்று பாருங்கள். நீள்கிறது என்றுதான் நினைக்கிறேன். டிரைவ்வே போட வருகிறவர்கள் வேரைக் கண்டால் கல்லோடு சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். மரம் அன்றைக்கே வாடாது. சேமிப்பில் ஒன்றிரண்டு வருடம் ஓட்டிவிட்டு, ஒரு வறண்ட கோடையில்தான் காட்டிக்கொடுக்கும். குளிர்காலத்தில் டிரைவ்வேயில் கொட்டுகிற உப்பும் அதே பக்கத்தில்தான் இறங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் சிவப்பு என்றும் சொல்லிவிடுகிறேன். இலையில் மஞ்சள் நிறம் முதலிலிருந்தே உண்டு, பச்சையம் அதை மூடி வைத்திருக்கிறது. பச்சையம் கரையும்போது மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு அப்படியல்ல, இலை அதைப் புதிதாகச் செய்கிறது. அதற்குச் சர்க்கரை வேண்டும். ஒரு கொப்புக்குப் போக்குவரத்து சரியில்லை என்றால், இலை செய்த சர்க்கரை கீழே இறங்க முடியாமல் அங்கேயே தேங்கும். மேலே வெயிலோ குறைவில்லை. அதுதான் உங்கள் வடிவான சிவப்பு.

இப்போது வெளியே போய் அடிமரத்தைப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் அது விரிந்து வேராகப் பிரிய வேண்டும். மின்கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், ஆழமாக நட்டுவிட்டார்கள், அல்லது யாரோ மரத்தூளை மலையாகக் குவித்திருக்கிறார்கள். கையால் ஒதுக்கிப் பாருங்கள். உள்ளே ஒரு வேர் அடிமரத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டும் இருக்கலாம். மேப்பிளில், முக்கியமாக நோர்வே மேப்பிளில், இது சாதாரணம். அந்த வேரை நீங்களே வெட்டப் போகாதீர்கள். மரம் பார்க்கப் படித்த ஆளைக் கூப்பிடுங்கள். குறைந்த விலைக்குக் கிளை வெட்டித் தருகிறேன் என்று கதவைத் தட்டுகிறவர் அந்த ஆள் அல்ல.

மழை இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை குழாயை மெல்லத் திறந்துவிட்டு ஆழமாக நனையுங்கள். உரம் வேண்டாம். ஓகஸ்டில் உரம் போட்டால் இளந்தளிர் கிளம்பி, உறைபனியில் கருகும். சிவந்த கொப்பையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வசந்தத்தில் துளிர்த்தால் உயிர் இருக்கிறது. துளிர்க்காவிட்டால் அப்புறம் வெட்டலாம். அதற்கு முன் மரம் யாருடையது என்று பாருங்கள். வீதியோர நிலம் பெரும்பாலும் மாநகரத்துடையது, அதில் நிற்கிற மரமும் அவர்களுடையதுதான். மாநகரத்தின் தொலைபேசி இலக்கமான 311க்கு அடித்தால் வந்து பார்ப்பார்கள். உங்கள் சொந்த மரமாகவே இருந்தாலும், 1.4 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால், மரத்தை வெட்டவோ அதற்குக் காயம் உண்டாக்கவோ ரொறன்ரோவில் அனுமதி எடுக்க வேண்டும். வேரை அறுப்பதும் காயம்தான். இது டிரைவ்வே கிண்ட முதல் யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

கேள்வி: பின்வேலியில் ஏறியிருக்கிற காட்டுக்கொடி இப்போதே சிவந்துவிட்டது. அதுவும் நோயா? தொட்டால் தோல் அரித்துத் தடிக்கிற பொய்சன் ஐவியாக இருக்குமோ என்று பிள்ளைகளைக் கிட்ட விடுவதில்லை. (வாசகர், மார்க்கம்)

பதில்: நோய் இல்லை. சிலதுக்கு அதுதான் நேரம். வேர்ஜீனியா கிறீப்பர் என்ற கொடியும் ரோட்டோரத்து சுமாக் செடியும் மேப்பிளுக்கு நன்றாக முந்தியே சிவக்கும். பழம் பழுக்கிற நேரத்தில் தெற்கே போகிற பறவைகளுக்கு இலையே சைகை காட்டிக் கூப்பிடுகிறது என்று எட்மண்ட் ஸ்டைல்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1982இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல, ஆனால் எனக்குப் பிடித்த விளக்கம்.

உங்கள் பயம் நியாயமானது, ஏனென்றால் பொய்சன் ஐவியும் வடிவாகச் சிவக்கும். ஒரு காம்பில் ஐந்து இலை, கருநீலக் காய் என்றால் கிறீப்பர். மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு, வெள்ளைக் காய் என்றால் பொய்சன் ஐவி. இளம் கிறீப்பரிலும் சிலவேளை மூன்று இலை வரும் என்பதால் ஒரு காம்பை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பொய்சன் ஐவி என்றால் எரிக்கவே கூடாது, அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் ஆபத்து. கிறீப்பர் காயும் பறவைக்குத்தான், பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது.

கேள்வி: மேப்பிள் இலை முழுக்கத் தார் தெறித்த மாதிரிக் கறுப்புப் புள்ளி. மரம் செத்துவிடுமா? (வாசகர், பிரம்ப்டன்)

பதில்: சாகாது. அது ஒரு பூஞ்சணம். நோர்வே மேப்பிளுக்கு வருடா வருடம் வருகிற விருந்தாளி. விழுந்த இலையை வளவில் விட்டுவைக்காமல் கூட்டி அள்ளிவிடுங்கள், அது போதும். மருந்து அடிக்கக் காசு செலவழிக்காதீர்கள்.

கேள்வி: நன்றியறிதல் நாள் விடுமுறைக்கு ஊரிலிருந்து வருகிற அம்மாவை அல்கொன்குவின் பூங்காவுக்குக் கூட்டிப்போய் மேப்பிள் சிவப்பைக் காட்ட நினைக்கிறோம். சரியான நேரமா? (வாசகி, ஏஜக்ஸ்)

பதில்: பிந்திவிடுவீர்கள். நன்றியறிதல் நாள் ஒக்ரோபர் இரண்டாம் திங்கட்கிழமை. அல்கொன்குவின் நம்மைவிட உயரமும் குளிரும் கூடிய இடம். அங்கே சுகர் மேப்பிள் செப்ரெம்பர் கடைசியிலிருந்து ஒக்ரோபர் முதல் வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும். அதற்குப் பிறகு அஸ்பன் மரங்களின் மஞ்சள்தான் மிச்சம். அதுவும் குறைந்ததல்ல, ஆனால் அம்மா சிவப்பைக் கேட்டால் ஒரு வாரமாவது முந்திப் போங்கள். விடுமுறை அன்றைக்குத்தான் முடியும் என்றால் தூரம் போகவே வேண்டாம், ரொறன்ரோவுக்குள் அப்போதுதான் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும். அல்கொன்குவின் என்றே முடிவெடுத்தால் வாகன அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். வாசலில் வாங்கலாம் என்று போய்த் திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய.