பீக்கன் ஹில்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பையன் பாஸ்டன்ல வேலை பாக்கறான், செப்டம்பர்ல நானும் அவரும் போறோம். பீக்கன் ஹில்னு ஒரு ஏரியா, கோடீஸ்வரங்க இருக்கற இடம், கண்டிப்பா பாக்கணும்னு சொல்றான். அடுத்தவங்க வீட்டு வாசலைப் போய் வேடிக்கை பாக்கறதுல என்னங்க இருக்கு?
– வாசகி, திருச்சி

பதில்: போங்கம்மா, அவசியம் போங்க. பங்களா, காம்பவுண்டு சுவர், வாட்ச்மேன்னு நினைச்சுட்டுப் போனா அப்படி எதுவும் இருக்காது. செங்கல் வீடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா நிக்கும், வாசப்படி நேரா நடைபாதையிலயே வந்து இறங்கும், தெரு குறுகலா மேட்டுல ஏறும், தெருவிளக்கு இன்னமும் கேஸ்லதான் எரியுது, பகல்லயும் அணைக்கறதில்ல. பீக்கன் ஸ்ட்ரீட்ல 39, 40 நம்பர் வீட்டு ஜன்னலை நின்னு பாருங்க, சில கண்ணாடி மட்டும் கத்திரிப்பூ கலர்ல இருக்கும். 1820 வாக்குல வந்த சரக்கு, மாங்கனீஸ் கலந்திருந்ததால வெயில் பட்டுப் பட்டு நிறம் மாறிப் போச்சு, இன்னைக்கு அந்த வீடுகளுக்கு அதுதான் பெருமை.

இதெல்லாம் 1795ல ஆரம்பிச்ச ரியல் எஸ்டேட்தான். ஸ்டேட் ஹவுஸ், அதாவது மாநில சட்டசபைக் கட்டடம், அங்க வருதுன்னு தெரிஞ்சதும் பக்கத்து மேய்ச்சல் நிலத்தை சில பணக்காரங்க கூட்டு சேர்ந்து வாங்கி, குன்றோட தலையை வெட்டி மண்ணைக் கீழ ஆத்தோரம் கொட்டி மனை போட்டாங்க. ஸ்டேட் ஹவுஸை டிசைன் பண்ண சார்ல்ஸ் பல்ஃபின்ச்தான் அங்க பல வீடுகளையும் டிசைன் பண்ணாரு. எல்லாரும் போட்டோ எடுக்கற ஏகார்ன் ஸ்ட்ரீட், உருண்டைக் கல் பாவின சின்ன சந்து, அந்தக் காலத்துல வண்டிக்காரங்களும் வேலைக்காரங்களும் குடியிருந்த இடம்.

கேள்வி: இருநூறு வருஷமா எதையும் இடிக்காம எப்படி வச்சிருக்காங்க? நம்ம ஊர்ல அம்பது வருஷ வீடே நிக்கறதில்லையே.
– வாசகர், மதுரை

பதில்: சும்மா நிக்கல சார், சண்டை போட்டு நிறுத்தினாங்க. 1947ல வெஸ்ட் சீடர் ஸ்ட்ரீட்ல செங்கல் நடைபாதையைப் பேத்துட்டு சிமெண்ட் போட நகராட்சி ஆளுங்க வந்தப்ப அந்தத் தெருப் பொம்பளைங்க நாற்காலி கொண்டு வந்து நடைபாதையிலயே உக்காந்துட்டாங்க, நகராட்சி பின்வாங்கிடுச்சு. 1955ல சட்டமே வந்தது, வெளியில தெரியற கதவுக்கு வேற கலர் அடிக்கணும்னாலும் கமிஷன் அனுமதி வேணும்.

ஆனா இதையும் சொல்லியாகணும், கேம்ப்ரிட்ஜ் ஸ்ட்ரீட்டுக்கு அந்தப் பக்கம் வெஸ்ட் எண்ட்னு ஒரு ஏரியா இருந்தது, இத்தாலிக்காரங்க, யூதர்கள்னு குறைஞ்ச வாடகையில நெருக்கமா வாழ்ந்த இடம். அதை குப்பம்னு முத்திரை குத்தி 1958ல இடிக்க ஆரம்பிச்சாங்க, ரெண்டாயிரத்துக்கும் மேல குடும்பங்க வெளியேத்தப்பட்டாங்க. ஒரு ரோடுதான் நடுவுல. பழசைக் காப்பாத்தணும்னா ஆசை மட்டும் போதாது, சொன்னா கேக்கற இடத்துல ஆளும் இருக்கணும், அந்த வசதி வெஸ்ட் எண்ட்காரங்களுக்கு இல்ல, எனக்கு இது இன்னமும் ஆத்தாமைதான்.

கேள்வி: ஒரு மணி நேரம்தான் இருக்கு, பீக்கன் ஹில்ல எதை முதல்ல பாக்கலாம்?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: வடக்குச் சரிவு. தெற்குப் பக்கம் செல்வந்தர்கள் இருந்தாங்க, வடக்குப் பக்கம் 19ஆம் நூற்றாண்டுல கறுப்பின மக்கள் இருந்தாங்க. ஜாய் ஸ்ட்ரீட்ல ஆஃப்ரிக்கன் மீட்டிங் ஹவுஸ் இருக்கு, 1806ல கட்டினது, அமெரிக்காவுல இன்னைக்கு நிக்கற கறுப்பின சர்ச் கட்டடங்கள்லயே பழசு. 1832ல வில்லியம் லாயிட் கேரிசன் அடிமை முறைக்கு எதிரான சங்கத்தை ஆரம்பிச்சது இங்கதான். அங்கேருந்து ஃபிலிப்ஸ் ஸ்ட்ரீட் 66ஆம் நம்பருக்கு நடந்து போங்க, லூயிஸ் ஹேடன், ஹேரியட் ஹேடன் வீடு. ஜார்ஜியா மாநிலத்துல அடிமையா இருந்து தப்பிச்சு வந்த ஒரு தம்பதி, எலன் கிராஃப்ட், வில்லியம் கிராஃப்ட், 1848ல எலன் வெள்ளைக்கார முதலாளி மாதிரி ஆம்பளை வேஷம் போட்டு, புருஷனைத் தன்னோட அடிமைன்னு சொல்லி ரயில்லயும் கப்பல்லயும் வந்தவங்க. 1850ல அவங்களைப் பிடிக்க ஆளுங்க பாஸ்டனுக்கே வந்துட்டாங்க. வில்லியமுக்கு அடைக்கலம் குடுத்த ஹேடன், வீட்டுல வெடிமருந்துப் பீப்பாய் வச்சிருக்கேன், உள்ள காலெடுத்து வச்சா வீட்டோட கொளுத்திடுவேன்னு சொல்லிட்டாரு. வந்தவங்க வெறுங்கையோட திரும்பினாங்க, கிராஃப்ட் தம்பதி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தாங்க. ஹேடனும் கென்டக்கியில அடிமையா இருந்து தப்பிச்சு வந்தவர்தான். அந்த வீட்டுக்குள்ள போக முடியாது, வாசல்ல நின்னுதான் பாக்கணும், அதுக்கே போகலாம்.

ரெட் லைன் மெட்ரோ ரயில்ல வந்து சார்ல்ஸ் எம்ஜிஹெச் ஸ்டேஷன்ல இறங்கினா முதல்ல ஃபிலிப்ஸ் ஸ்ட்ரீட், அப்புறம் ஜாய் ஸ்ட்ரீட்ல மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கினா ஸ்டேட் ஹவுஸ் பக்கத்துலயே வந்துடுவீங்க. செங்கல் மேடும் பள்ளமுமா இருக்கும், நல்ல பிடிப்பான ஷூ போட்டுக்கங்க.