அம்மாச்சிக்குத் தெரியாத படிப்பு

கேள்வி: எனக்கு 25 வயது. பிறந்து வளர்ந்தது நியூஜெர்சி. அப்பா யூதர், அம்மா மதுரை. வாடகைக்குக் குடியிருப்பவர்களின் உரிமைக்காகப் போராடும் அமைப்பில் வேலை செய்கிறேன். ரபி (யூத மதகுரு) ஆக வேண்டும், கலப்பு மணக் குடும்பங்களையும் தன்பாலின இணையரையும் வாசலிலேயே நிறுத்தாத யூத சமூகத்தை உருவாக்க வேண்டும் என்று ஆசை. 'அம்மா யூதர் இல்லையே, நீ எப்படி?' என்று சிலர் கேட்கிறார்கள். ரபி படிப்புக்கான விண்ணப்பக் கட்டுரை தயார். அதில் முதல் பத்தியே, வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைக்காத என் அம்மாச்சிதான். (84 வயது. நான் பிஎச்.டி. சேரப் போவதாக அம்மா மூலம் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.) எனக்குத் தகுதி உண்டா? என்னை 'நீ' என்றே எழுதுங்கள்.

பதில்: தகுதி பற்றி என்னிடம் கேட்பானேன்? தாயோ தந்தையோ ஒருவர் யூதராக இருந்து, பிள்ளையும் யூதராகவே வளர்ந்து வாழ்ந்தால் போதும் என்று அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவு ரபிகள் 1983-லேயே தீர்மானம் போட்டுவிட்டார்கள். தாய் வழியை மட்டுமே பார்க்கும் ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் பிரிவுகள் ஒத்துக்கொள்ளாது. முறைப்படி மதம் மாறச் சொல்லும். உன்னைப் போலவே அப்பா மட்டும் யூதரான ஏஞ்சலா புக்டாலின் அம்மா கொரிய பௌத்தர். மகள் 21 வயதில் அந்தச் சடங்கையும் செய்துகொண்டார், 2001-ல் ரபி ஆனார், 2014 முதல் நியூயார்க்கில் சென்ட்ரல் சினகாக் என்ற யூத வழிபாட்டுக் கூடத்தின் தலைமை ரபி. இதெல்லாம் உனக்குத் தெரியாமல் இருக்காது.

எனக்கு உறுத்துவது நீ அடைப்புக்குறிக்குள் போட்ட வரி. வேலையை, படிப்பை, கல்யாணத்தை ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் மறைத்துவிட்டு 'அவங்க மனசு நோகக் கூடாது' என்று எழுதும் பிள்ளைகளின் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. நீ ஒரு படி மேலே போய்விட்டாய். பொய் உன்னுடையது, அதைச் சொன்ன வாய் உன் அம்மாவுடையது. உன் அம்மா தன்னைப் பெற்ற தாயிடமே பொய் சொல்லும்படி செய்துவிட்டு, தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் கட்டளையை நாளைக்கு எந்த முகத்தோடு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவாய்?

பழைய ரபிகளின் விளக்க நூலான தல்மூத்தைக் காட்டி நீ மடக்கலாம். பிள்ளை பிறக்கும் என்று கேட்டதும், தன் கணவர் ஆபிரகாம் கிழவர் என்று சாராள் சிரித்தாள். கடவுள் அதை ஆபிரகாமிடம் சொல்லும்போது, அவள் தன்னைத்தான் கிழவி என்று சொன்னதாக மாற்றினார். வீட்டில் சமாதானம் இருக்க இப்படிக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம் என்று பழைய ரபிகளே இடம் கொடுத்திருக்கிறார்கள். சரி. ஆனால் அங்கே காப்பாற்றப்பட்டது ஆபிரகாமின் மனசு. இங்கே காப்பாற்றப்படுவது நீ. ஒரு கிழவியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சங்கடம் உனக்கு மிச்சம், அவ்வளவுதான்.

எல்லாரையும் உள்ளே விடும் சமூகம் கட்டப் போகிறவள், சொந்த அம்மாச்சியை வெளியே நிறுத்தியிருக்கிறாய். அவருக்கு ஒன்றும் புரியாது என்று யார் சொன்னது? மதுரைக்காரர் அவர். 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோவிலுக்குள் போன கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. சாமி கும்பிடும் இடத்தின் கதவை யாருக்குத் திறப்பது என்ற சண்டை உனக்குப் புத்தகம், அவருக்கு ஊர்ப் பேச்சு. தனி டம்ளர் வைக்காததற்கு அக்கம்பக்கத்தில் என்னென்ன கேட்டார்களோ! அதை ஒரு நாளாவது அவரிடம் கேட்டிருக்கிறாயா?

அதற்காக ஆசீர்வாதம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 'நம்ம சாமி என்ன குறை வச்சது?' என்று அழலாம். ஒரு மாதம் உன்னோடு பேசாமலும் இருக்கலாம். அதைத் தாங்கத்தான் வேண்டும். 1965-ல் அமெரிக்காவின் செல்மாவில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் நடந்த ரபி ஹெஷலைப் போல ஆக எல்லாருக்கும் ஆசை. ரபியின் வாரத்தில் ஊர்வலம் எத்தனை நாள்? ஆஸ்பத்திரிக் கட்டில், சாவு வீடு, பேச்சுவார்த்தை முறிந்த அண்ணன் தம்பி, இவைதான் மிச்ச நாளெல்லாம். ஏழு நாள் துக்கம் காக்கும் வீட்டுக்குப் போனால், துக்கப்படுகிறவர் வாய் திறக்கும்வரை போனவர் பேசக் கூடாது என்பது உங்கள் மரபு. தாழ்ந்த ஆசனத்தில் இருப்பவரின் முன்னால், அவருடைய கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். சொந்தக் கிழவியின் கோபத்துக்குப் பயந்தவளை அந்த வீட்டுக்கு யார் நம்பி அனுப்புவது?

விண்ணப்பத்தை இப்போது அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடு, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல். தமிழ் தடுக்கினால் தடுக்கட்டும். எனக்கு எழுதிய அளவுத் தமிழே போதும். முதலில் பிஎச்.டி. பொய் என்று சொல், அப்புறம் ரபி என்றால் என்ன என்று சொல். அதற்குப் பிறகு அந்த முதல் பத்தியைத் தமிழில் வாசித்துக் காட்டு. டம்ளர் விஷயத்தில் நீ தப்பாக எழுதியிருந்தால் அவரே திருத்துவார். அவரிடம் வாசிக்க முடியாத பத்தி என்றால் கட்டுரையிலிருந்து அதை எடுத்துவிடு.